செயலாளர் ஆண்டறிக்கை: பெயர் தெரியாத பூக்களோடு ஓர் ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலை வீட்டுத்தோட்ட ஆர்வலர்களாகிய நாம் இந்த ஆண்டு அதிகம் மினக்கெட்டது ஒரே வேலையில்தான். அங்கத்தவர்கள் போனில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்து, அவர்கள் வளவில் நிற்கும் பூக்கன்றுகளின் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னோம். மாதக் கூட்டங்களும் கன்றுப் பரிமாற்றமும் வழமைபோல நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நான் படங்களைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் நாம் விட்ட பிழை. உப்புவெளியிலிருந்து ஓர் அங்கத்தவர் மஞ்சள் பூ ஒன்றின் படத்தை அனுப்பினார். கன்று விற்ற இடத்தில் அலமண்டா என்று சொல்லிக் கொடுத்தார்களாம், சரிதானா என்று கேட்டார். படத்தில் பூவைத் தவிர வேறொன்றும் இல்லை. புனல் மாதிரி மஞ்சள் பூ. நாமும் யோசிக்காமல் சரி என்றோம். இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்தே இன்னொரு படம் வந்தது: "காய் பிடிச்சிருக்கு, பேரப்பிள்ளைகள் பிடுங்கி விளையாடுதுகள்." அந்தப் படத்தில் இலை தெரிந்தது. விரலைவிட ஒடுக்கமான, பளபளக்கும் இலை. காய் பச்சையாக, நடுவில் ஒரு வரம்பு தூக்கி நின்றது. பார்த்த உடனேயே நெஞ்சு திக்கென்றது. அது மஞ்சள் அலரி. அதன் விதையில் உள்ள நஞ்சு இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அன்று பின்னேரமே தலைவரும் நானும் நேரில் போனோம். நல்ல காலம், பிள்ளைகள் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. மரத்தைக் கிளப்பி, விழுந்து கிடந்த காய்களையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினோம்.

மஞ்சள் அலரி, அலமண்டா, டெக்கோமா மூன்றையும் பூவின் முகத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். இலையைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. அலமண்டாவில் ஒரே கணுவில் மூன்று நான்கு அகன்ற இலைகள் வட்டமாக நிற்கும். மஞ்சள் அலரியில் ஒடுங்கிய இலைகள் தனித்தனியாகத் தண்டைச் சுற்றி ஏறும். டெக்கோமாவின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரம் வாள் பல்லுப் போல இருக்கும். முதல் இரண்டையும் கிள்ளினால் பால் வரும், டெக்கோமாவில் வராது. பால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பூவை மட்டும் எடுத்த படத்துக்குப் பெயர் சொல்வதில்லை என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. பூவின் முகம், பூவின் பின்பக்கம், இலையின் இரண்டு பக்கமும், இலை தண்டில் பொருந்தும் இடம், முழுச் செடி ஆகியவை வேண்டும். காய் இருந்தால் அதுவும். பக்கத்தில் ஓர் அடிமட்டமோ ஐந்து ரூபாய்க் குற்றியோ வைத்தால் அளவு விளங்கும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் செவ்வரத்தையை எடுத்தால் இதழின் நரம்பெல்லாம் மறைந்து, வெறும் சிவப்புத் திட்டுத்தான் மிஞ்சும்.

நேரமும் முக்கியம். ஓர் அங்கத்தவர் வேலை முடிந்து வந்து, பின்னேரத்தில் எடுத்த படங்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் சுருங்கிய மஞ்சள் மொட்டு மாதிரி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கச் சொன்னோம். ஐந்து இதழும் அகல விரிந்த பூ வந்தது. இலைக்காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தில் பொத்தான் போல இரண்டு சிறிய சுரப்பிகள், அதில் தேன் குடிக்கும் எறும்புகள். பூ அந்த இலைக்காம்பிலிருந்தே புறப்பட்டது போல இருந்தது. டர்னேரா! காலையில் விரிந்து மதியத்தோடு சுருங்கிவிடும் பூ அது. அந்த எறும்புப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் போன் செயலிகளைப் பற்றியும் பலர் கேட்டீர்கள். பிளாண்ட்நெட்டில் படம் போடும்போது அது பூவா, இலையா, காயா என்பதைச் சரியாகக் குறியுங்கள். எங்கள் முற்றத்துச் செடிகளில் நிறைய தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதால், இலங்கைத் தாவரங்களுக்குள் மட்டும் தேடினால் அகப்படாமல் போகலாம். முக்கியமாகக் காட்டுயிர்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்டில் போடுவதானால் வளர்க்கப்பட்ட செடி என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். செயலி முதலாவதாகக் காட்டும் பெயரே முடிந்த முடிவல்ல.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பினாலும் குழப்பம்தான். நாம் அலரி என்றால் நஞ்சுள்ள செடி. சிங்கள அயலவர் "அரலிய" என்றால் அது கோயில் வாசலில் நிற்கும், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூமரம். கொழும்பில் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையின் பெயரும் அந்த மரத்தை வைத்து வந்ததுதான். அதனால் இனி பதில் சொல்லும்போது விஞ்ஞானப் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.

மாரியில் லில்லிப் படங்கள் வந்து குவிந்தன. கடற்கரைப் பக்கத்து வளவுகளில் நிற்கும் வெள்ளைச் சிலந்தி லில்லியைப் பலர், அதே மாதிரி பூக்கும் விஷமூங்கில் என்றார்கள். மகரந்தத் தாள்களின் அடியைப் பாருங்கள். அவற்றை இணைத்து மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று இருந்தால் சிலந்தி லில்லி. தாள்கள் தனித்தனியாக, ஊதா கலந்து நின்றால் விஷமூங்கில்.

ஒரு செடிக்கு மட்டும் இன்னும் பெயர் சொல்ல முடியவில்லை. மூதூர் அங்கத்தவர் ஒருவரின் கிணற்றடியில் நிற்கிறது. எதிரெதிர் இலை, சதுரத் தண்டு, வெளிர் ஊதாப் பூ. காய் பிடித்ததும் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை