மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி: படம் பார்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிக்கப் போகிறார், அதனால் அதை நான் தொடவில்லை. மாதம் இரண்டு கூட்டம் என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம், ஒன்றிரண்டு தள்ளிப்போனதைத் தவிர எல்லாம் நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இப்போது அவர்கள்தான் முதலில் கை தூக்குகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, நிர்வாக விஷயம் இவ்வளவுதான். மீதி நேரத்தை இந்த வருடம் நாம் அதிகம் பேசிய ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பார்த்த படத்துக்கு எப்படி மார்க் போடுவது, அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

முன்னெல்லாம் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பத்துக்கு இத்தனை என்று சொல்லிக்கொண்டு வருவோம். முதலில் பேசுகிறவர் எட்டு என்றால் அடுத்தவர் ஏழரை என்பார், அதற்கடுத்தவரும் ஏழரைக்குப் பக்கத்திலேயே நிற்பார். மூத்தவர் ஒருவர் ஆரம்பத்திலேயே 'மொக்கை' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்தப் படம் எழுந்திருக்கவே முடியாது. வருடத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது ஒரு தம்பி மாடிப்படியில் என்னை நிறுத்தி, "எனக்குப் படம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு அண்ணா, ஆனா எல்லாரும் நாலு, அஞ்சுன்னு சொன்னப்புறம் எட்டுன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, ஆறுன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த ஆறு என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நம் குறிப்பேட்டில் அந்தப் படத்துக்கு நேராக அந்த ஆறு இன்னும் இருக்கிறது, அது யாருடைய கருத்தும் இல்லை.

அதற்கப்புறம்தான் சீட்டு வந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரும் யாரோடும் பேசுவதற்கு முன்னால், அவரவர் சீட்டில் மார்க்கை எழுத வேண்டும், அதற்குக் கீழே மனதில் நின்ற ஒரு இடத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். வீட்டில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எழுதி மடித்துக் கொண்டுவரலாம். எல்லாச் சீட்டும் பெட்டியில் விழுந்த பிறகுதான் பேச்சு. முதல் மாதம் சிலருக்கு இது பரீட்சை மாதிரி இருந்தது, அதை என்னிடம் நேராகவே சொன்னார்கள். ஆனால் சீட்டுகளைப் பிரித்த முதல் நாளே மார்க்குகள் சிதறிக் கிடந்தன, மூன்று, ஒன்பது, ஐந்து, எட்டு என்று. அதுவரை ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்த நாம் உண்மையில் இவ்வளவு வேறு வேறாகப் பார்த்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு சீட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எட்டாக மடித்திருந்தது. ஏழு என்று எழுதி அடித்து, மேலே எட்டு என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தில் மறுபடி ஏழு. கீழே பென்சிலில், "பிள்ளை தூங்குகிறான் என்று அந்த அம்மா கதவைச் சத்தம் வராமல் சாத்துகிறாள், ஆனால் அவன் தூங்கவில்லை, நமக்கு மட்டும் தெரியும்." அந்த வரியைப் படித்தபோது, படத்தைப் பார்த்திராத இரண்டு பேர் உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். ஏழு என்ற எண்ணைக் கேட்டு அப்படி யாரும் கிளம்பியதில்லை.

சராசரி போடுவதையும் நிறுத்திவிட்டோம். இது பற்றிச் செயற்குழுவில் காரசாரமாகவே பேசினோம். ஒரு படத்துக்கு ஒருவர் ஒன்பது போட்டார், இன்னொருவர் இரண்டு போட்டார், இரண்டுக்கும் சராசரி ஐந்தரை. அந்த ஐந்தரையைப் பார்க்கிறவர் 'சரி, சுமாரான படம்' என்று நினைத்துக்கொள்வார், ஆனால் சுமார் என்று அந்த இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவர் உருகியிருக்கிறார், ஒருவர் எழுந்து போகப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட படத்தைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புவேன், எல்லோரும் ஆறு போட்ட படத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்வேன். அதனால் இப்போது பலகையில் எல்லா மார்க்கையும் வரிசையாக அப்படியே எழுதுகிறோம்.

வெளியே கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசியதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர், நான் உட்பட, அதைத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தோம். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ரோட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று அர்த்தமில்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் 'பரவாயில்லை' என்பதற்கு மேலே ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா விமர்சகர்களும் ஓரளவு பிடித்தது என்று மட்டும் சொன்ன ஒரு படம் நூறு சதவீதம் வாங்கலாம், பாதிப்பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி மீதிப்பேர் திட்டிய படம் ஐம்பதில் நிற்கும். அறுபதோ அதற்கு மேலோ இருந்தால் பக்கத்தில் போடும் தக்காளிப் படம் சிவப்பு, அதற்குக் கீழே போனால் நசுங்கிய பச்சை. பார்ப்பவர்களே ஓட்டுப் போடும் ஐஎம்டிபி இணையதளம் வேறு மாதிரி. அங்கே பத்துக்கு இத்தனை என்று காட்டுவது எல்லா ஓட்டையும் கூட்டி வகுத்த எண் இல்லை, சில ஓட்டுகளுக்குக் கூடுதல் எடை, சிலதுக்குக் குறைவு. அந்தக் கணக்கை அவர்கள் முழுசாக வெளியிடுவதில்லை, வெளியிட்டால் கும்பலாக வந்து ஓட்டுப் போட்டுக் கெடுப்பது சுலபமாகிவிடும். ஆனால் அந்த எண்ணைத் தொட்டு உள்ளே போனால் ஒன்றிலிருந்து பத்து வரை ஒவ்வொரு மார்க்கும் எத்தனை பேர் போட்டார்கள் என்று பட்டையாகக் காட்டும், பார்க்க வேண்டியது அதைத்தான். பத்திலும் ஒன்றிலும் மட்டும் பட்டை நீளமாக இருந்து நடுவில் காலியாக இருந்தால், அங்கே படத்தைத் தாண்டி வேறு ஏதோ சண்டை நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சினிமாஸ்கோர் இன்னொரு வகை, அமெரிக்காவில் படம் வெளியான அன்றைக்குத் தியேட்டருக்கு வந்தவர்களிடம் கேட்டு ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் போடுவது. முதல் நாளே காசு கொடுத்து வருகிறவர் ஏற்கெனவே ஆசையோடு வந்தவர், அதனால் அது அவர் எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. பேய்ப்படம் என்று நினைத்துப் போனவருக்கு மெதுவான குடும்பக் கதை காட்டினால், அது எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் தரம் கீழேதான் போகும்.

அடுத்தது, எதில் பார்த்தோம் என்பது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து நான்கு படங்களுக்கு மூன்று, நான்கு என்றே போட்டு வந்தார், கீழே எழுதிய வரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், "சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கு." எல்லோருக்கும் பிடித்த ஒளிப்பதிவு அவருக்கு மட்டும் மலிவாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய புது டிவியில் ஒரு ஐந்து நிமிடம் பார்த்ததும் விஷயம் புரிந்தது. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்ற வேகத்தில் எடுக்கப்படுகிறது, அந்த டிவி அந்தப் பிரேம்களுக்கு நடுவே தானாகவே புதுப் பிரேம்களைச் செய்து செருகிக்கொண்டிருந்தது. ஆள் நடந்தால் வழுக்கிக்கொண்டு போவது போல, கேமரா திரும்பினால் எண்ணெய் மேல் திரும்புவது போல. விளையாட்டு பார்க்க அது நன்றாக இருக்கும், சினிமாவைக் கொன்றுவிடும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, படத்துக்கான செட்டிங்கில் மோஷன் என்ற சொல் வரும் இடத்தில் தேடினால் கிடைக்கும், அணைத்துவிடுங்கள். 2019-ல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் என்ற செட்டிங் சில டிவிகளில் இருக்கிறது, அதைப் போட்டால் இது தானாகவே அணைந்துவிடும். அன்றைக்கு ராத்திரியே அவர் அந்த நான்கில் ஒரு படத்தை மறுபடி பார்த்துவிட்டு காலையில் எனக்கு போன் செய்து, "தம்பி, நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கோ" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அன்றிலிருந்து சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி: தியேட்டரா, டிவியா, லேப்டாப்பா, போனா, ஒரே மூச்சிலா, விட்டு விட்டா. இதைச் சேர்த்ததில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

'ஒரு தடவை பார்க்கலாம்', 'இரண்டாம் பாதி இழுவை' ஆகிய இரண்டையும் யாரும் தடை செய்யவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னால் எந்த இடத்துக்காக என்றும், இன்னொன்றைச் சொன்னால் எங்கிருந்து இழுத்தது என்றும் பக்கத்தில் இருப்பவர் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டோம். இதனால் நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்கிறேன். எல்லோரும் இரண்டாம் பாதி இழுவை என்று சொன்ன ஒரு படத்தில், அதிகம் பேசாத ஒரு உறுப்பினர் யோசித்துவிட்டு, "நாயகனுக்கு வேண்டியது இடைவேளைக்கு முன்னாடியே கிடைச்சிடுச்சு, அதுக்கப்புறம் அந்தப் படத்துல யாருக்கும் எதுவும் தேவைப்படலை" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் பேசியது உண்மையான திரைக்கதைப் பேச்சு. நீளம் பிரச்சினை இல்லை, வெட்டினாலும் சரியாகாது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

நடிப்பைப் பற்றியும் இதே மாதிரி ஒரு நாள். ஒரு படத்தில் நாயகி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கும் காட்சியில் முகத்திலேயே எல்லாம் தெரிகிறது என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். அப்போது ஒருவர் குலெஷோவ் செய்து பார்த்ததை எடுத்துச் சொன்னார். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும் ஒரு தடவை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார், பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் அந்த முகத்தில் படித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் நாம் நாயகிக்குப் போட்ட மார்க்கில் படத்தொகுப்பாளருக்கு எவ்வளவு சேரும்? முடிவுக்கு வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை, அந்தக் காட்சியை எல்லோரும் மறுபடி ஒரு தடவை கவனமாகப் பார்த்தோம், அது போதும்.

என்மேல் ஒரு தவறு இருக்கிறது, அதைப் பொதுக்குழுவிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பில் பேச வேண்டிய கேள்வி என்று நான் எழுதிய வரியிலேயே படத்தின் கடைசித் திருப்பம் வெளியே வந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகக் காத்திருந்த ஒரு அக்கா அதைப் படித்துவிட்டு, கோபமாகக்கூட இல்லாமல், "இனிமே எனக்கு அது கிடைக்காதுல்ல" என்று கேட்டார். மன்னிப்பு கேட்டேன், ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. இப்போது அறிவிப்பில் படத்தின் பெயரும் நேரமும் மட்டுமே போடுகிறோம், கூட்டத்தில் கிளைமாக்ஸ் பேச்சைக் கடைசி அரை மணிக்கு ஒதுக்கிவிட்டோம், பார்க்காதவர்கள் அதற்கு முன்னால் எழுந்து போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

கடைசியாக, மறுமார்க். மூன்று மாதம் கழித்து அதே படத்துக்கு மறுபடி சீட்டு எழுதலாம் என்ற யோசனையைச் சிலர் ஏற்கவில்லை, முதல் உணர்வுதான் உண்மை என்றார்கள். நான் ஏன் அதை ஆதரித்தேன் என்றால், சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் வாக்கு வாங்கிச் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. ஹிட்ச்காக்கின் வெர்டிகோ 1958-ல் வந்தபோது வரவேற்பு கலவையாகத்தான் இருந்தது, 1962, 1972 இரண்டு பட்டியலிலும் முதல் பத்தில் அது இல்லை. 1982-ல் ஏழாவது, 1992-ல் நான்காவது, 2002-ல் இரண்டாவது, 2012-ல் முதலிடம். படத்தில் ஒரு பிரேம்கூடப் புதிதாக எடுத்துச் சேர்க்கவில்லை. பார்த்தவர்கள் மாறினார்கள், அதற்குப் பின் வந்த படங்கள் அதைப் பார்க்கும் விதத்தை மாற்றின. அப்புறம் 2022-ல் பெல்ஜிய இயக்குநர் சாந்தால் அகெர்மான் 1975-ல் எடுத்த ழான் தீல்மான் முதலிடத்துக்கு வந்தது, ஒரு பெண் வீட்டுவேலை செய்வதை மூன்று மணி நேரத்துக்கும் மேல் காட்டும் படம். விமர்சகர்களுக்கே ஐம்பது வருடம் பிடிக்கும் என்றால் நமக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாமே. முதல் சீட்டை யாரும் கிழிக்கப் போவதில்லை, இரண்டையும் ஒன்றாகக் குத்தி வைப்போம்.

இதுவரை எழுதிய மறுசீட்டுகளில் பாதிக்குமேல் மார்க் மாறவில்லை, கீழே எழுதிய காட்சிதான் மாறியிருக்கிறது. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் சண்டைக்காட்சியை எழுதியவர், மூன்று மாதம் கழித்து அதே படத்துக்கு, சண்டை முடிந்து அவன் கை கழுவுவதை எழுதியிருக்கிறார்.

வரும் வருடத்தின் முதல் கூட்டத்துக்கு, ஒன்பதும் இரண்டும் வாங்கிய அந்தப் படத்தையே எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம். கேட்டது இரண்டு போட்டவர்தான். "இன்னொரு தடவை பார்க்கிறேன், ஆனா மார்க் மாறும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது போட்டவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்டிருக்கிறார், அவருக்கே ஒதுக்கிவிட்டேன். சீட்டுப்பெட்டி வழக்கம்போல வாசலில் இருக்கும், பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்