அடியில் வெட்டினால் மட்டும் பேன்ட் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 5 அடி, 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள பெண்கள் ரெடிமேட் பேன்ட்டை ஆல்டர் கடைக்குக் கொண்டுபோனால், "அடியில நாலு இன்ச் வெட்டித் தெச்சாப் போச்சுங்க" என்பதே கோவையிலிருந்து ஈரோடு வரை வழக்கமான பதில். வெட்டிய பிறகும் அக்காவின் பேன்ட்டை மாட்டியது போலத்தான் இருக்கும். கோளாறு முழங்காலிலும் அதற்கு மேலேயும் இருக்கிறது.

உயரமானவருக்கு வெட்டிய பேன்ட்டில் முழங்கால் வரும் இடம் குள்ளமானவருக்குக் கெண்டைக்கால் பக்கம் இறங்கிவிடும். கீழே போகப்போகக் குறுகும் பேன்ட்டில் 4 அங்குலம் வெட்டினால் குறுகலான பாகமே போய்விடுகிறது. பாட்டம் அகலமாக, குழாய் போல நிற்கும். இதைச் சரிசெய்ய, முழங்காலிலிருந்து கீழே உள்பக்கத் தையல், வெளிப்பக்கத் தையல் இரண்டிலும் சம அளவு பிடிக்க வேண்டும். ஒரே பக்கம் பிடித்தால் இஸ்திரி மடிப்பு நடுக்காலை விட்டு விலகி, கால் முறுக்கிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம் இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டுத் தையல் வரையிலான இறக்கம். கடினமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து பலகை வரை டேப் வையுங்கள். அதோடு அரை முதல் முக்கால் அங்குலம் தளர்வு போதும். இறக்கம் கூடினால் கவட்டில் துணி தொங்கும், நடக்கும்போது தொடையை இழுக்கும். இதற்குப் பட்டியைப் பிரித்து மேலே வெட்டி மறுபடி வைக்கலாம். ஆனால் ஜிப்பும் பாக்கெட் வாயும் இருப்பதால் ஒரு அங்குலத்துக்கு மேல் எடுக்க இடம் இருக்காது. அதற்கு மேல் தொங்குகிற பேன்ட்டை வாங்காமல் விடுவதே நல்லது. கவட்டிலிருந்து தொடைக்கு மீசை போல வரிகள் ஓடினால் தொடை இறுக்கம் என்று பொருள். அதை இறக்கக் குறைவு என்று நினைத்துப் பெரிய சைஸ் எடுத்தால் இடுப்பு கழன்று வரும்.

பருத்தியாக இருந்தால் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், முதல் துவையலிலேயே சுருங்கும். எந்தச் செருப்போடு போடுவீர்களோ அதைப் போட்டு அளவு கொடுங்கள். அடிமடிப்பில் ஒன்றரை அங்குலம் விட்டால் பிற்பாடு நீளம் இறக்கிக்கொள்ளலாம். இழுபடும் துணிக்குச் சாதாரண நேர்த்தையல் போட்டால் உட்கார்ந்து எழும்போது நூல் தெறிக்கும். அதற்குரிய ஊசியும் இழுவைத் தையலும் வேண்டும்.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு எடுப்பவர்கள் லேபிளைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் 'பி' (ஆங்கில P) இருந்தால், அது பெரும்பாலும் 5 அடி 4 அங்குலமும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கான வெட்டு. முழங்காலும் இறக்கமும் சேர்த்தே குறைக்கப்பட்டிருக்கும். 'எஸ்/பி' என்றிருந்தால் ஏமாற வேண்டாம். அது ஸ்மால் சைஸ்தான், பிரெஞ்சில் சிறியது என்பதற்கான முதலெழுத்து அந்தப் பி.

உடுத்தும்போது பேன்ட் கணுக்கால் எலும்பில் முடியட்டும். நடுக்கெண்டையில் நின்றால் கால் பாதியாகத் தெரியும். தொடையின் அகலமான இடத்தில் முடியும் குர்த்தியும் அப்படித்தான். இடுப்பெலும்போடு நிற்கும் டாப்ஸும் உயர்ந்த பட்டியும் காலை நீட்டிக் காட்டும்.

ஆண்களின் ஜீன்ஸில் 32 × 30 என்று இடுப்பும் உள்கால் நீளமும் சேர்த்து அச்சிடுகிறார்கள். பெண்கள் பேன்ட்டில் எம், எல் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கிறது. நம் பகுதித் தயாரிப்பாளர்கள் உள்கால் நீளம், கவட்டு இறக்கம் என்ற இரண்டு எண்களையும் லேபிளில் போட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். வெட்டும் மேசையில் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிற எண்கள்தான் அவை.

இப்படிக்கு,
பேன்ட் தைக்கும் பெண்கள் சிலர்,
ஈரோடு.