லாக் எழுதாத சர்வீஸை எங்களிடம் தராதீர்கள்: கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய் இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் 'லாகிங் தொடர்பான சிறு கோளாறு' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்தச் சிறு கோளாறோடு இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டியவன் நான்.

இரவு 1:40-க்கு, பணம் செலுத்தும் சர்வீஸ் தடுமாறுகிறது என்று அலர்ட். சர்வீஸ் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். கடைசி வரி மாலை 6:12, அதாவது நீங்கள் புதிய பதிப்பை ஏற்றிய நேரம். அதற்குப் பிறகு ஓர் எழுத்து இல்லை. டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தேன், பாதி காலி. ஃபைலில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சின்ன விவரத்தையும் எழுதும்படி லாக் லெவலை டீபக்குக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். அப்போதும் 6:12 தான். வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் போனிலேயே இருந்தார், "லாகில் என்ன இருக்கிறது?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டு. ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

நான்கு மணிக்குத்தான் புத்தி வந்தது. சர்வீஸைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், எரர் வெளியீட்டைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் திருப்பலை எடுத்துவிட்டு ஓட்டியதும், ஜாவா நிரலின் லாக் வரிகளை வாங்கி எழுதும் லைப்ரரியிடம் கொடுக்கும் எஸ்எல்எஃப்4ஜே தானே வாக்குமூலம் கொடுத்தது: வழங்கி (லாகை எழுதும் அந்த லைப்ரரி) எதுவும் கிடைக்கவில்லை, ஒன்றும் செய்யாத லாகரை வைத்துக்கொள்கிறேன் என்று. எஸ்எல்எஃப்4ஜே-யை 1.7-லிருந்து 2.0-க்கு ஏற்றியவர், எழுதும் லைப்ரரியான லாக்பேக்கை 1.2-லேயே விட்டிருக்கிறார். 2.0 தன் வழங்கியைத் தேடும் முறையே வேறு, பழைய லாக்பேக் அதன் கண்ணில் படாது. பில்ட் தேறும், டெஸ்ட் தேறும், சர்வீஸும் ஓடும். வாய் மட்டும் திறக்காது. எஸ்எல்எஃப்4ஜே-யின் பழைய 1.7 ஜாரை (லைப்ரரி ஃபைலை) திரும்ப வைத்ததும் லாக் கொட்டியது. டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோயிருக்கின்றன என்று ஆறே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

ஆகவே முதல் கோரிக்கை இதுதான். எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக் இரண்டின் பதிப்புகளையும், எல்லா சர்வீஸ்களுக்கும் பொதுவான பேரன்ட் போம் ஃபைலில் ஜோடியாகப் பூட்டி வையுங்கள். எந்த சர்வீஸும் தன் இஷ்டத்துக்கு ஒன்றை மட்டும் ஏற்றக் கூடாது.

இதை நாங்கள் கேட்பது முதல் முறை அல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாகிங் லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, எந்த சர்வீஸுக்குள் எந்த லாக்4ஜே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ஜார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோமே, அப்போதும் இதையேதான் கேட்டோம். 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு பதிப்பு மாற்றினோம். "விரைவில் சீராக்குவோம்" என்றீர்கள். 2015-லேயே ஆதரவு நின்றுபோன லாக்4ஜே 1 இன்றும் நம் இரண்டு சர்வீஸ்களில் சுகமாக இருக்கிறது. இன்னொன்றில் வெறுமனே திரையில் அச்சிடும் சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என். ஜாவாவுக்கென்றே சொந்த லாகிங் 2002-ல் வந்துவிட்ட செய்தி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

இருக்கிற லாகாவது பேசுகிறதா? பிழையைப் பிடித்ததும் அதன் மெசேஜை மட்டும் எழுதி, பிழை எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸை விட்டுவிடுகிறார்கள். விளைவு, 'எரர்: நல்' (null, அதாவது மெசேஜ் காலி) என்று ஒரு வரி. தமிழில் படித்தால் ஏதோ நற்செய்தி மாதிரி இருக்கிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. புதிய கருவி, டாஷ்போர்டு எதுவும் நாங்கள் கேட்கவில்லை. பதிப்புகளை ஒரே இடத்தில் பூட்டுங்கள். அப்புறம், டெப்ளாய் முடிந்ததும் லாகில் ஒரு வரியாவது விழுந்ததா என்று, பதிப்பை ஏற்றும் பைப்லைனே பார்க்கட்டும், விழவில்லை என்றால் அங்கேயே நிற்கட்டும். ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. தயவுசெய்து செய்து கொடுங்கள்.

எனக்கு அடுத்த இரவுப் பணி வெள்ளிக்கிழமை. அதற்குள் முடிந்தால் மிகவும் நன்றி.

இப்படிக்கு,
இரவுப் பணி ஆதரவுக் குழுவில் ஒருவன்