இந்தியர் வேறு, இந்திய நாட்டவர் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த வேலையிடக் கட்டுரையைப் படித்தேன். புராஜெக்ட் குழு அமைப்பவர்களுக்குப் பல நல்ல யோசனைகள் அதில் இருந்தன. ஆனால் நடுவே ஒரு வரி: "குழுவில் ஏற்கெனவே இந்தியர்கள் அதிகம் என்றால் அடுத்தவரை வேறு நாட்டிலிருந்து எடுப்பது நல்லது." வேறு மொழிப் பத்திரிகையில் வந்திருந்தால் அவர்களுக்குத் தெரியாது என்று விட்டிருப்பேன். சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் உங்களுக்குமா தெரியாது?

நான் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவள். என் கையில் இருப்பது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான ரோஜா நிற அடையாள அட்டை. என் இரண்டு பையன்களும் கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டார்கள். அந்த வரியில் வரும் 'இந்தியர்' நானா, இல்லையா? நானும்தான் என்றால் எனக்கு 'வேறு நாடு' எது? இல்லை என்றால் அதை ஏன் தெளிவாக எழுதவில்லை?

இது சொல் பிழை மட்டும் இல்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கியின் பழைய கணினி அமைப்பைப் புதியதற்கு மாற்றும் வேலையில் இருந்தேன். குழுவுக்கான பெயர்ப் பட்டியலை எக்செல்லில் போட்டு அனுப்பினார்கள். பெயர், அனுபவம், இரண்டுக்கும் நடுவில் நாடு. பதினொரு வரிகளில் நான்குக்கு மஞ்சள் அடித்திருந்தது. ஒன்று என் பெயர். அடுத்தது திருநெல்வேலியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது நிபுணர்களுக்கான வேலை விசாவில், வந்த ஒரு தம்பி. மூன்றாவது ஹைதராபாத்தில் பிறந்து இங்கே நிரந்தரவாசியான ஒரு பெண். நான்காமவர் ஈப்போக்காரர், மலேசியக் குடிமகன், அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் அங்கே வந்துவிட்டது. நான்கு பேரிடமும் மூன்று நாட்டுப் பாஸ்போர்ட். நான்கு வரிக்கும் ஒரே மஞ்சள். "கொஞ்சம் பேலன்ஸ் பண்ணலாம்" என்றார் மேலாளர். நாடு பார்த்துச் சேர்க்கிறேன் என்று சொன்னவர் நாட்டைப் பார்க்கவே இல்லை, ஆசிரியர் அவர்களே. எங்கள் முகத்தைப் பார்த்தார்.

தம்பியும் ஈப்போக்காரரும் வெளியே போனார்கள். அந்தப் பழைய அமைப்பில் இரவில் வரிசையாகத் தானே ஓடும் பேட்ச் வேலைகளை (ஜாப்களை) முழுவதும் அறிந்தவர் எங்களில் அந்த ஈப்போக்காரர் ஒருவர்தான். மாற்றம் நடந்த இரவு, இரண்டு மணிக்கு ஒரு ஜாப் பாதியில் நின்றுவிட்டது. காலை எட்டுக்குள் முடியாவிட்டால் பழையதற்கே திரும்ப வேண்டும். வேறு வழியில்லாமல் நான்தான் அவருக்குப் போன் போட்டேன். தூக்கத்தில் எடுத்தவர் எந்தக் கோபமும் காட்டவில்லை. "அக்கா, முதல்ல லாக்ல கடைசி வரி என்னன்னு படிங்க" என்றார். எந்த ஜாபை நிறுத்துவது, எந்த ஃபைலை நகர்த்திவிட்டு எதை மறுபடி ஓட்டுவது என்று நாற்பது நிமிடம் வரிசையாகச் சொன்னார். வேலை முடிந்தது. மறுநாள் எல்லோருக்கும் போன பாராட்டு மின்னஞ்சலில் அவர் பெயர் இல்லை. நான் எழுதிக் கேட்டேன், "அவர் குழுவில் இல்லையே" என்று பதில் வந்தது. இன்றுவரை அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அரசாங்கமே நாட்டை எண்ணுகிறதே என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். எண்ணுகிறது, உண்மைதான். 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் என்ற புள்ளி முறையில் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 40 புள்ளி வேண்டும். நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பிரிவில் 20 புள்ளி, 25 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றுமே இல்லை. இதை நான் குறை சொல்லவில்லை. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் அது நிறுவனம் முழுவதற்குமான கணக்கு, அதுவும் வாசலில் பார்க்கும் கணக்கு. முறைப்படி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஒருவரை ஒன்பது பேர் குழுவில் போடலாமா என்பதற்கு அந்தக் கணக்கை யார் நீட்டச் சொன்னது?

அரசாங்கம் இனம், நாடு இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 1989 முதல் இனத்தைப் பார்க்கிறது. காம்பஸில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம்.

வாடகைக்கு வீடு தேடிய வருடம் நினைவுக்கு வருகிறது. புதிய வீட்டுச் சாவி வரும்வரை பத்து மாதத்துக்கு ஓர் அறை கிடைத்தால் போதும் என்றிருந்தேன். போனில் என் பெயரைச் சொன்னதும் ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி "இந்தியரா?", அடுத்தது "சமைப்பீர்களா?" நான் இங்கேயே பிறந்தவள் என்றேன். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர் திரும்பக் கூப்பிடவே இல்லை. அப்புறம் காப்பிக்கடையில், டாக்சியில், புது அலுவலகத்தின் முதல் நாளில், "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். சிங்கப்பூரிலேயே இருக்கும் ஈசூன் என்றால், "இல்லை, உண்மையில் எங்கே?" என்று மறுபடி கேட்பார்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்களையும் கேட்டிருப்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தன் ஊர்க்காரர்களையே ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நிரப்பிய மேலாளரிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். மீட்டிங்கில் பாதி அவர்கள் மொழியில்தான் நடக்கும், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கோபம் வந்தது, அது நியாயமான கோபம்தான். ஆனால் தப்பு ஆள் எடுத்தவருடையது. அவரைக் கேள்வி கேட்காமல் அதே நாட்டிலிருந்து நேர்மையாக வந்தவர்களையெல்லாம் கழித்துக்கட்டுவது என்ன நியாயம்? நாட்டின் தற்காப்பு போன்ற வேலைகளுக்குக் குடிமக்கள்தான் வேண்டும் என்றால் சரி, காரணத்தை எழுதிவைத்துக் கேட்கட்டும். இங்கே காரணமே சொல்வதில்லை, மஞ்சள் மட்டும் அடிக்கிறார்கள்.

நாடு பார்ப்பது சம்பளம் கீழே போகப் போக இன்னும் கடுமை. இந்தியாவிலிருந்து வருபவர் வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகலாம், சேவைத் துறையில் ஒருசில வேலைகளைத் தவிர முடியாது. இந்திய உணவகங்களே 2023 செப்டம்பருக்குப் பிறகுதான் அங்கிருந்து சமையல்காரரை அந்தச் சீட்டில் எடுக்க முடிந்தது, அதுவும் 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாத சம்பளத்தில். அவர்களைப் பற்றியும் உங்கள் வேலையிடப் பக்கத்தில் ஒரு முறையாவது எழுதியிருக்கலாம்.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, இனம், மொழி, சமயம் இவற்றோடு குடியுரிமையை வைத்தும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை கொடுக்க முதலாளிக்கு இடமும் விட்டிருக்கிறது, 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கும் உண்டு. ஆள் எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் பற்றியெல்லாம் நாம் பேசுகிறோம். ஏற்கெனவே வேலையில் இருப்பவரை ஒரு புராஜெக்டில் போடாமல் விடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல புராஜெக்ட் கிடைக்காதவருக்குப் பதவி உயர்வு எங்கிருந்து வரும்? அவர் ஓரங்கட்டப்படுவது அங்கேதான் தொடங்குகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்று மனிதவள அமைச்சிடம் கேட்டு, பதிலைத் தமிழில் வெளியிடுங்கள். அப்புறம், நாட்டைக் குறிக்கும்போது 'இந்திய நாட்டவர்' என்றும் இனத்தைக் குறிக்கும்போது 'இந்தியர்' என்றும் உங்கள் பத்திரிகையில் பிரித்து எழுதுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரிக்கு ஒரு சிறிய திருத்தமும் போட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி என் ஈப்போத் தம்பிக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
ஈசூன்