மின்னோட்டமும் மின்னோட்டமும்

பரீட்சைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கட்கு,

வணக்கம் ஐயா. இணையவழிச் சோதனைப் பெறுபேறு வந்தபிறகு உங்கள் கந்தோர் வாசலில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளையின் கதையை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் படித்தவள். ஊர் நெடுந்தீவு. அவளின் பெறுபேற்றுப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சரியான விடை: மின்னோட்டம். உங்கள் விடை: மின்னோட்டம். புள்ளி: 0.' கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

முறைப்பாட்டை நேரில் தரவேண்டும் என்றீர்கள். விடியப் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்தாள். 'கணினி திருத்தியது, பிழை வராது' என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டீர்கள். 500 ரூபா கட்டி மீளாய்வும் கேட்டாள். அதே விடையை அதே கணினிக்குள் போட்டு, அதே பூச்சியத்தைத் தந்தீர்கள். அடித்த வாத்தியாரிடமே முறைப்பாட்டுக்கு அனுப்பிய மாதிரி.

இரண்டு சொல்லையும் என் மடிக்கணினியில் போட்டு எண்ணினேன். கணினிக்குள் பதிவாகும் கணக்கில் உங்கள் 'மின்னோட்டம்' 11 குறியீடு, அவளுடையது 12. ஓகாரக் குறியை ஒன்றாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பு, அரவு என்று இரண்டாகவும் பதியலாம். அது தட்டச்சு மென்பொருளைப் பொறுத்தது, பிள்ளையின் படிப்பைப் பொறுத்ததல்ல. கணினிகள் எழுத்தைப் பதியும் பொதுமுறையான யுனிகோட்டின் விதிப்படி இரண்டும் ஒன்றே. ஒப்பிட முதல் ஒரே வடிவத்துக்கு மாற்ற ஒருவரி நிரல் போதும். அவள் எழுதியதில் ஒகர, ஓகாரக் குறி வந்த மூன்று விடைக்கும் பூச்சியம். ஆறு புள்ளி போனது. எடுத்தது 47, சித்திக்க 50.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: முறைப்பாடு வந்த விடையை ஒரு மனிதர் கண்ணால் பார்க்கவேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைக்கு இந்தக் கொம்பும் இல்லை, வம்பும் இல்லை. தமிழ்மொழி மூலம் என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்கமுதல், அந்த மென்பொருளில் ஒரு தமிழ்ச் சொல்லையாவது தட்டிப் பார்த்தீர்களா? வீரமாமுனிவர் ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக்காட்டக் கொம்பைத் திருத்தினார். நீங்கள் ஓகாரத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அந்த மூன்று விடையையும் ஒரு ஆசிரியரைக் கொண்டு பார்ப்பியுங்கள். முடிவைத் தபாலில் அனுப்புங்கள். அவளை இன்னொருமுறை படகேற்ற வேண்டாம், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியர்,
யாழ்ப்பாணம்