அம்பாசடர் டெல்கோல டைமிங் அட்வான்ஸ் வேலை செய்யல, வண்டி மலை ஏற மாட்டேங்குது – முழுப் பணமும் திருப்பித் தரணும்

வணக்கம் சார்,

உங்க கம்பெனில ஆன்லைன்ல வாங்கின அம்பாசடர் டெல்கோ, அதாவது பிளக்குகளுக்கு ஸ்பார்க் அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர், பத்தின புகார் இது. பில் காப்பி, போட்டோ, வீடியோ எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன்.

வண்டி 1972 மார்க் 2, பெட்ரோல், 1489 சிசி. அப்பா காலத்து வண்டி, இன்னைக்கும் வீட்டு வேலைக்கு ஓடிட்டுத்தான் இருக்கு. பழைய டெல்கோல ஷாஃப்ட் புஷ் தேஞ்சு போய் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு வெச்சாலும் நிக்கல, அதனால "முழுசா ரீகண்டிஷன் செஞ்சு டெஸ்ட் பண்ணது"ன்னு நீங்க போட்டிருந்ததை நம்பி வாங்கினேன்.

மாட்டின பிறகு கோயம்புத்தூருக்குள்ள ஒரு குறையும் தெரியல. ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஐட்லிங் அருமையா நிக்குது. ஆனா மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் ரோட்ல கல்லாறு விட்டு ஏற ஆரம்பிச்சதுமே வண்டில இழுவை இல்ல, தேர்ட்ல போற ஏத்தத்துக்கு செகண்ட் போட வேண்டியிருக்கு, செகண்ட்லயும் ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சாலும் சத்தம்தான் வருதே தவிர வேகம் வரல, டெம்பரேச்சர் முள்ளு மட்டும் மேல போயிட்டே இருக்கு. இந்த வண்டில முதல் கியருக்கு, ஓடறப்பவே கியர் சுலபமா விழ வைக்கற சின்க்ரோமெஷ் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவுல செகண்ட் இழுக்கலன்னா கிட்டத்தட்ட நிறுத்தித்தான் முதல் கியர் போடணும், பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டு நிக்குது, வண்டிக்குள்ள வயசான அம்மா உக்காந்திருக்காங்க. பர்லியார்ல ஓரம் கட்டி இன்ஜின் ஆற விட்டுட்டு அப்படியே திரும்பி இறங்கிட்டோம்.

உங்க கஸ்டமர் கேர்ல சொன்னப்போ கிடைச்ச பதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். "பழைய வண்டி சார், மலைல காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும், பிஸ்டன் ரிங் போயிருக்கும், சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணிடுங்க"ன்னாங்க. மலைல காத்து கம்மிங்கறது நிஜம்தான், 1000 மீட்டர் ஏறினா பவர்ல சுமார் பத்து சதவீதம் குறையும், குன்னூர் 1850 மீட்டர்ங்கறதால அங்க போய் கொஞ்சம் மந்தமா இருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனா வண்டி படுத்தது மலை அடிவாரத்துல, முதல் சில வளைவுக்குள்ள. அங்க காத்து எப்படி கம்மியாகும்?

அப்புறம் ரிங். எங்க மெக்கானிக் அண்ணன் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாத்தாரு, நாலும் 120 psi-ஐ ஒட்டியே ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமில்லாம வந்துச்சு. ரிங்கும் இல்ல, வால்வும் இல்ல, ஹெட் கேஸ்கெட்டும் இல்ல. பெட்ரோல் பம்ப்புல ஃப்ளோ நல்லா வருது, ஃபில்டர் புதுசு, கார்புரேட்டர் டேம்பர்ல ஆயில் இருக்கு, பிளக் எல்லாம் சரியான பிரவுன் கலர்ல இருக்கு. வீல ஜாக்கில தூக்கி கையால சுத்திப் பாத்தோம், பிரேக் எங்கயும் பிடிக்கல. கிளட்ச்சும் வழுக்கல. ஒவ்வொண்ணா தள்ளிட்டு வந்தா மிச்சம் இருந்தது டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரம், மட்டும்தான்.

இதுல டைமிங் மார்க் கிராங்க் புல்லிக்கு அடில இருக்கறதால அண்ணன் வண்டிக்கு கீழ படுத்து டைமிங் லைட் அடிச்சாரு, வேக்குவம் டியூபைக் கழட்டிட்டு. ஐட்லிங்ல மார்க் கரெக்டா இருக்கு. நான் மேல ரேஸ் குடுக்கறேன், மார்க் இருந்த இடத்துலயே நிக்குது, அசையவே இல்ல. ஆர்பிஎம் ஏற ஏற ஸ்பார்க் முன்னாடி வரணும், இதுதான் அட்வான்ஸ், அதுக்குத்தான் டெல்கோ உள்ள ரெண்டு வெயிட்டும் ஸ்ப்ரிங்கும் இருக்கு. அது வராததால பிஸ்டன் கீழ இறங்கற நேரத்துலயும் பெட்ரோல் எரிஞ்சிட்டே இருக்கு, வேலை செய்ய வேண்டிய சூடு வீணா எக்ஸாஸ்ட்லயும் ஹெட்லயும் போகுது. ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சு ஏத்தத்துல போறப்போ, இன்ஜின் உறிஞ்சறதால வேலை செய்யற வேக்குவம் அட்வான்ஸும் வேலை செய்யாது, அந்த நேரத்துல வண்டிக்கு இருக்கற ஒரே துணை இந்த வெயிட்தான்.

டெல்கோ மூடியைத் திறந்து உள்ள சுத்தற ரோட்டரை அது சுத்தற பக்கமா, இன்ஜின்ல ஆன்டி கிளாக்வைஸா, லேசா திருகிட்டு விட்டா ஸ்ப்ரிங் மாதிரி தானா திரும்பி வரணும். உங்க டெல்கோல திருகவே முடியல, வீடியோல பாருங்க. பாயிண்ட் பிளேட்டைக் கழட்டினா வெயிட்டோட பின்னுல பழைய கிரீஸ் வேலம்பிசின் மாதிரி காஞ்சு இறுகிக் கிடக்கு, ஒரு வெயிட் நகத்தால நெம்பினாலும் நகரல. என் பழசுல ஒரு ஸ்ப்ரிங் மெலிசு, ஒண்ணு தடிசு. உங்களுதுல ரெண்டும் தடிசு, வேற ஏதோ வண்டியோடது. வெளில மட்டும் பாலிஷும் புது மூடியும். இதை டெஸ்ட் பெஞ்சுல ஒரு தடவை சுத்திப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், அப்போ "டெஸ்ட் பண்ணது"ன்னு எழுதினது பொய்தானே சார்.

இன்னும் சந்தேகம் வேண்டாம்னு நண்பர் ஒருத்தரோட அம்பாசடர்லருந்து டெல்கோவை வாங்கி மாட்டி, வேற ஒரு நட்டைக்கூட தொடாம, அதே ரோட்ல அதே ஆளுங்களோட ஏறினோம். போன தடவை செகண்ட்ல திணறின ஏத்தத்தை தேர்ட்ல ஏறிச்சு, குன்னூர் வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னுச்சு.

உங்க ஆளு சொன்னதைக் கேட்டு நான் இன்ஜினைப் பிரிச்சிருந்தா, நல்லா இருக்கற ஒரு இன்ஜின போர் பண்ணி, பெரிய தொகை செலவழிச்சு, கடைசில அதே குறையோட வண்டியை எடுத்திருப்பேன். எத்தனை பேர் அப்படி செஞ்சாங்களோன்னு நினைச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது. இந்த வண்டிங்களை வெச்சிருக்கறவங்களுக்கு நல்ல பார்ட்ஸ் கிடைக்கறதே கஷ்டம், அந்தக் கஷ்டத்துல வாங்க வர்றவங்களை இப்படி நடத்தாதீங்க.

டெல்கோ விலையும் ரெண்டு பக்க கூரியர் செலவும் எனக்கு திரும்ப வரணும், மாத்து டெல்கோ வேண்டாம். இதே லாட்ல வாங்கினவங்களுக்கு நீங்களே போன் பண்ணி, மலைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த ரோட்டரைத் திருகிப் பாக்கச் சொல்லணும், இது பணத்தை விட முக்கியம். 15 நாளுக்குள்ள பதில் வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும், அதுக்கப்புறம் 2019 சட்டப்படி கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் புகார் குடுப்பேன். போன்ல பேச வேண்டாம், பதில் எழுத்துல அனுப்புங்க. டெல்கோவைப் பிரிச்ச நிலையில அப்படியே பத்திரமா வெச்சிருக்கேன், உங்க ஆளு எப்ப வேணா வந்து பாக்கலாம்.