சிவனொளிபாதமலைக்குக் குழுவாக யாத்திரிகர்களை அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் மாத உந்துவப் போயா என்னும் பௌர்ணமி நாளோடு தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு நிறைவுறும் யாத்திரைக் காலத்தில், ஆலயத் தொண்டர் சபைகளும் இளைஞர் மன்றங்களும் வேலைத்தள நலன்புரிச் சங்கங்களும், அயலவர் சேர்ந்து வான் பிடித்து வரும் சிறு குழுக்களுமாக எத்தனையோ பேர் உச்சியில் புனிதப் பாதச் சுவடு உள்ள இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு வருகிறார்கள். எந்த நாளில் புறப்படுவது, எந்த வழியால் ஏறுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் நீங்கள். உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: சூரிய உதயத்தைக் கணக்கில் வைத்து நேரம் குறிக்காதீர்கள், உங்கள் குழுவில் மிக மெதுவாக ஏறக்கூடியவர் யாரோ, அவரைக் கணக்கில் வைத்துக் குறியுங்கள்.

பெரும்பாலான குழுக்களின் திட்டம் ஒரே மாதிரியானது. பிற்பகலில் ஊரிலிருந்து புறப்பட்டு, ஹற்றன், மஸ்கெலியா வழியாக இரவில் மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணியை அடைந்து, கட்டிவந்த சோற்றைச் சாப்பிட்டு, நள்ளிரவை ஒட்டி ஏறத் தொடங்கி, ஆறு மணியளவில் உச்சியில் நின்று உதயம் பார்த்து, முற்பகலிலேயே வண்டியேறிவிட வேண்டும். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரந்தானே என்று எண்ணும்போது இது சரியாகவே தோன்றும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் 5,000க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. மகர தோரணத்தைக் கடந்து, ஜப்பானிய சமாதானத் தூபியைத் தாண்டி, சீத்தகங்குல ஓடையில் முகம் கழுவும்வரை பாதை யாரையும் பெரிதாக வருத்துவதில்லை. அதற்கு மேல்தான் மலை தன் குணத்தைக் காட்டுகிறது. படிகள் ஒன்றுபோல் உயரமானவை அல்ல. முழங்கால் அளவுக்கு உயர்ந்த படியும் உண்டு, பாதம் முழுதாகப் பதியாத படியும் உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே செல்லும் செங்குத்தான பகுதியில், போயா இரவுகளிலும் வார இறுதிகளிலும் கூட்டம் அப்படியே நின்றுவிடும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும் இளைஞருக்கே அந்த வரிசை சோதனைதான் என்றால், ஆறேழு மணி நேரம் தேவைப்படும் முதியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரிசையில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பாட்டி, வியர்வையில் நனைந்த சால்வையைப் போர்த்தியபடி, படியோரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். ஏறும்போது வேர்த்த உடல், நிற்கும்போது மலைக்காற்றில் விறைத்துப் போயிருந்தது. மாற்று உடை இருந்த பை, முன்னால் சென்றுவிட்ட யாரோ ஒருவரின் தோளில் இருந்தது. பேரன் பத்துப் படி மேலே ஓடித் தன் குழுவினரைத் தேடுவதும், பாட்டியை விட்டுவர மனமின்றி மீண்டும் இறங்கி வருவதுமாக இருந்தான். "விடிஞ்சிரும், நீ போப்பா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் குறை எதுவும் இல்லை. குறை அவருக்குத் தரப்பட்ட நேரத்தில்தான் இருந்தது.

களைத்தவருக்காகத் திட்டமிடுவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், கடினமான வழியில் வரும் யாத்திரிகர்களுக்கு அன்னமிடுவதற்கென்றே கிலீமலை என்ற ஊரை மானியமாக அளித்தான். 14ஆம் நூற்றாண்டில் ஏறிய இப்னு பதூதா, ஏறுவோர் பற்றிக்கொள்ளப் பாறையில் பொருத்தப்பட்டிருந்த சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மின்விளக்கும் கைப்பிடியும் தேநீர்க் கடைகளும் உள்ள காலத்தில் வாழும் நமக்கு, ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குவது அவ்வளவு பெரிய காரியமா?

உதயத்தைத் தொழுவது பழைய வழக்கந்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கத்தில் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து, சிறிது நேரத்தில் சுருங்கி மறைவதைப் பார்ப்பது பெரும் பேறு. இளையவர்கள் அதற்காக ஏறட்டும். ஆனால் முகில் மூடினால் அன்று உதயமே இல்லை. சைவர்கள் சிவனின் திருவடி என்றும், பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமின் காலடி என்றும் போற்றும் அந்தப் பாதச் சுவடு, காலை பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதியவர்களும் சிறுவர்களும் இருக்கும் குழுவை வார நாளில் அழைத்து வாருங்கள். முதல் நாள் இரவு நல்லதண்ணியில் தங்கி உறங்கச் செய்து, விடியலில் ஏறத் தொடங்கி முற்பகலில் வழிபடச் செய்யுங்கள். குழுவை இரண்டாகப் பிரிப்பதிலும் தவறில்லை. பின்னால் வருவோருடன் பொறுப்பான ஒருவர் கடைசிவரை இருந்தால் போதும். இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தல வழியும், குருவிட்ட, எரத்ன வழியும் நல்லதண்ணி வழியைவிட நீண்டவை. முதன்முறை வருவோரை அவ்வழிகளில் அழைத்துவர வேண்டாம். பருவம் முடிந்த பின், விளக்குகள் அணைந்து கடைகள் மூடி மழையும் காற்றும் வீசும் மாதங்களில், கூட்டம் குறைவு என்பதற்காகக் குழுக்களைக் கொண்டுவருவதையும் தவிருங்கள்.

இறக்கத்தையும் திட்டத்தில் சேருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் பேசும் என்பது மலையேறிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஓட்டுநரிடம் ஒன்பது மணிக்குப் புறப்படுவோம் என்று சொல்லிவைத்துவிட்டு, கால் நடுங்கி இறங்குகிறவர்களைத் தொலைபேசியில் விரட்டும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். பிற்பகல் வரை வண்டி காத்திருக்கும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

குப்பையைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். களனி, களு, வளவை ஆகிய ஆறுகள் ஊற்றெடுக்கும் காடு இது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. குழுவுக்கு இரண்டு சாக்குப் பை கொண்டுவந்து, கொண்டுபோன போத்தல்களையும் பொலித்தீன்களையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

இந்தப் பருவத்துக்கான அறிவித்தலை நீங்கள் அச்சிடும்போது, கட்டணத்தோடும் புறப்படும் நேரத்தோடும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்: உதயம் பார்ப்பது உறுதியல்ல, மெதுவாக ஏறுவோருடன் ஒருவர் துணைக்கு வருவார், மாற்று உடையையும் கம்பளிக் குல்லாவையும் அவரவர் தம் கையிலேயே வைத்திருக்க வேண்டும், கடைசி ஆள் இறங்கிய பிறகே வண்டி புறப்படும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு யாத்திரிகர்